மடிக்கணினி வாங்கும்போது செய்யும் தெரிவுகள்

மடிக்கணினி வாங்கும்போது செய்யப்படும் தெரிவுகளுள் நினைவகம், கம்பியில்லா இணைப்பு, டாக்கிங் வசதி ஆகிய மூன்றும் முதன்மையானவை ஆகும். விளம்பரங்களில் நுண்செயலியின் பெயரும் திரையின் அளவும் பெரிய எழுத்தில் இடம்பெற, இம்மூன்றும் விவரப் பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் காணப்படும். ஆயினும் ஒரு கணினி எத்தனை ஆண்டுகள் பயன்தரும் என்பதைப் பெரும்பாலும் இவையே முடிவு செய்கின்றன.

மேசைக்கணினியில் இவற்றை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். 2000களில் விற்பனையான மடிக்கணினிகளிலும் இந்நிலை ஓரளவு இருந்தது. அடிப்பகுதியில் உள்ள சிறு மூடியைத் திருகு கழற்றித் திறந்தால் நினைவக அட்டை கையில் வந்துவிடும். கம்பியில்லா அட்டையையும் அவ்வாறே மாற்றலாம். 2010களிலிருந்து மடிக்கணினிகள் மெலிந்தபோது பல உறுப்புகள் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டன. இதனால் கடையில் பணம் செலுத்தும் நேரத்தில் செய்யும் தெரிவு, பல கணினிகளில் இறுதித் தெரிவாகிவிடுகின்றது. ஆகவே எது பின்னர் மாற்றத்தக்கது, எது மாற்ற இயலாதது என்று பிரித்தறிவது, எது வேகமானது என்று அறிவதற்கும் முந்திய வேலையாகும்.

நினைவகம்

இங்கு நினைவகம் எனப்படுவது ராம் எனப்படும் தற்காலிக நினைவகம் ஆகும். கோப்புகள் நிலையாகத் தங்கும் வன்தட்டும் திண்மநிலைச் சேமிப்பகமும் வேறானவை. "512 ஜிகாபைட்டு மெமரி" என்று சில கடைகளில் எழுதப்பட்டிருப்பது சேமிப்பகத்தையே குறிக்கும். இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களும் அவை கையாளும் தரவுகளும் ராமில் இருக்கின்றன. மின்சாரம் நின்றால் அவை அழிந்துவிடும்.

நினைவகம் போதாதபோது கணினி நின்றுவிடுவதில்லை. இயங்குதளமானது உடனடியாகத் தேவைப்படாத பகுதிகளைச் சேமிப்பகத்துக்கு மாற்றிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுக்கின்றது. இதற்குரிய விலை காலதாமதம் ஆகும். ராமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி, திண்மநிலைச் சேமிப்பகத்திலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 மைக்ரோநொடி, சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகின்றது. ராமுக்கு ஆகும் நேரத்தை ஒரு நொடியாகப் பெருக்கிப் பார்த்தால், திண்மநிலைச் சேமிப்பகத்துக்கு ஏறத்தாழ 17 நிமிடமும் வன்தட்டுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து இன்னும் சில மணிநேரமும் ஆகும். வன்தட்டு உள்ள பழைய கணினியில் நினைவகக் குறைபாடு உடனே தெரிந்துவிடும். சுட்டி அசையாமல் நிற்க, தட்டு சுழலும் ஓசை மட்டும் கேட்கும். திண்மநிலைச் சேமிப்பகம் உள்ள கணினியில் அக்குறைபாடு மறைந்திருக்கும். கடையில் பத்து நிமிடம் இயக்கிப் பார்ப்பவருக்கு 8 ஜிகாபைட்டுக் கணினியும் 16 ஜிகாபைட்டுக் கணினியும் ஒன்றுபோலவே தோன்றுவதற்கு இதுவே காரணம்.

பொருத்தும் நினைவகமும் பற்றவைத்த நினைவகமும்

மடிக்கணினிகளுக்கான கழற்றத்தக்க நினைவக அட்டை சோ-டிம் எனப்படுகின்றது. ஒரு தலைமுறை அட்டை மற்றொரு தலைமுறைக் கணினியில் பொருந்தாது. டிடிஆர்2 அட்டையில் 200 ஊசிகளும், டிடிஆர்3 அட்டையில் 204 ஊசிகளும், டிடிஆர்4 அட்டையில் 260 ஊசிகளும், டிடிஆர்5 அட்டையில் 262 ஊசிகளும் உள்ளன. தவறான அட்டையைச் செருகிவிடாதபடி அடிவிளிம்பில் உள்ள வெட்டும் வெவ்வேறு இடத்தில் அமைந்துள்ளது.

எல்பிடிடிஆர் என்பது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வகையாகும். முதலில் கைப்பேசிகளுக்காக உருவான இவ்வகை, மெல்லிய மடிக்கணினிகளில் பரவலாயிற்று. இது நுண்செயலிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். மின்கம்பித் தடங்கள் நீண்டால் குறைந்த மின்னழுத்தத்தில் அதிவேகக் குறிகைகள் சிதையும். இக்காரணத்தால் அது சோ-டிம் வடிவில் வருவதில்லை, பலகையில் பற்றவைக்கப்படுகின்றது. எனவே பற்றவைத்தல் முழுவதும் வணிகத் தந்திரம் என்று சொல்வது சரியன்று. ஆனால் கூடுதல் நினைவகத்துக்கு உற்பத்தியாளர் கேட்கும் விலையை வேறு எவரிடமும் ஒப்பிட்டுப் பார்க்க இயலாத நிலையில் வாங்குபவர் வைக்கப்படுகின்றார் என்பதும் உண்மையே.

ஆப்பிள் நிறுவனம் 2008 இல் வெளியிட்ட முதல் மேக்புக் ஏர் 2 ஜிகாபைட்டு நினைவகம் பற்றவைக்கப்பட்டு வந்தது. 2012 இல் வெளியான ரெட்டினா திரை மேக்புக் புரோவும் அவ்வழியே சென்றது. 2020 நவம்பரில் வெளியான எம்1 சில்லில் நினைவகம் நுண்செயலியின் பொதியிலேயே சேர்க்கப்பட்டது. வாங்குபவருக்கு 8, 16 ஜிகாபைட்டு என்னும் இரு தெரிவுகளே இருந்தன. இன்டெல் நிறுவனம் 2024 இல் வெளியிட்ட லூனார் லேக் நுண்செயலிகளிலும் 16 அல்லது 32 ஜிகாபைட்டு நினைவகம் பொதிக்குள்ளேயே அமைந்தது. பின்வரும் தலைமுறைகளில் இம்முறை தொடராது என்று அந்நிறுவனம் அவ்வாண்டே தெரிவித்தது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உள்ளது. டெல் நிறுவனம் 2022 இல் அறிமுகப்படுத்திய அட்டை வடிவத்தை அடியொற்றி, ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் கேம்2 என்னும் தரத்தை வெளியிட்டது. இதன் ஒரு வகையான எல்பிகேம்2, எல்பிடிடிஆர் நினைவகத்தைத் திருகு கழற்றி மாற்றத்தக்கதாக ஆக்குகின்றது. லெனோவோவின் திங்க்பேட் பி1 வரிசையின் ஏழாம் தலைமுறைக் கணினியில் 2024 இல் இது இடம்பெற்றது.

பல நடுத்தர விலைக் கணினிகளில் ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டும் ஒரு செருகுமிடம் காலியாகவும் இருக்கும். இது பெரும்பாலோருக்குப் போதுமான ஏற்பாடாகும். நுண்செயலி இரு தடங்களில் ஒரே நேரத்தில் நினைவகத்தை அணுகவல்லது என்பதை மட்டும் இங்கு கருத்திற்கொள்ள வேண்டும். ஒரே அட்டை இருந்தால் ஒரு தடமே பயன்படும். தனி வரைகலை அட்டை இல்லாத கணினிகளில் வரைகலைப் பணியும் இதே நினைவகத்தையே நம்பியிருப்பதால், இரு தடங்களும் நிரம்பினால் விளையாட்டுகளிலும் காணொளித் தொகுப்பிலும் வேறுபாடு தெரியும். கட்டுரை எழுதுவதிலும் இணையம் பார்ப்பதிலும் அது தெரியாது.

எவ்வளவு நினைவகம்

32-பிட்டு இயங்குதளம் 2 இன் 32 ஆம் அடுக்கு, அதாவது 4 ஜிகாபைட்டு முகவரிகளையே கணக்கிட வல்லது. அதிலும் ஒரு பகுதி பிற வன்பொருள்களுக்கு ஒதுக்கப்படுவதால் விண்டோசின் 32-பிட்டுப் பதிப்புகளில் 3 முதல் 3.5 ஜிகாபைட்டு வரையே பயன்பட்டது. 64-பிட்டு இயங்குதளங்கள் பரவியபின் அவ்வரம்பு நீங்கிற்று; தேவையும் உயர்ந்தது. 2021 இல் வெளியான விண்டோஸ் 11 இன் குறைந்தபட்சத் தேவை 4 ஜிகாபைட்டு என்று மைக்ரோசாப்ட் குறிப்பிட்டுள்ளது. அது இயங்குதளம் நிறுவப்படுவதற்கான அளவே அன்றி, வசதியாக வேலை செய்வதற்கான அளவு அன்று. 2024 இல் அதே நிறுவனம் அறிவித்த கோபைலட் பிளஸ் கணினி வகைக்கு 16 ஜிகாபைட்டு கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் ஆப்பிளும் மேக்புக் ஏர் கணினியின் தொடக்க அளவை 8 இலிருந்து 16 ஆக உயர்த்தியது.

பொதுவாக, எழுத்து வேலைக்கும் இணைய உலாவலுக்கும் 8 ஜிகாபைட்டு போதுமாயினும் அதற்கு மேல் இடம் இராது. மாணவர்களுக்கும் அலுவலகப் பயன்பாட்டுக்கும் 16 ஜிகாபைட்டு பொருத்தமானது. மெய்நிகர் கணினிகளை இயக்குவோர், காணொளி தொகுப்போர், பெரும் தரவுத்தொகுதிகளைக் கையாளும் ஆய்வு மாணவர்கள் ஆகியோருக்கு 32 ஜிகாபைட்டு வேண்டியிருக்கும். பற்றவைத்த கணினியாயின் இன்றைய தேவைக்கு அடுத்த படியை வாங்குவதே நலம். செருகுமிடம் உள்ள கணினியாயின் குறைந்த அளவை ஒரே அட்டையாக வாங்கி, மற்றொரு செருகுமிடத்தைக் காலியாக விடலாம். அட்டை விலை காலப்போக்கில் குறையும் என்று நம்பிக் காத்திருப்பது எப்போதும் பலிப்பதில்லை. 2025 இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கூர்மையாக ஏறியது.

விவரப் பட்டியலில் நினைவகத்தின் பெயர் எல்பிடிடிஆர் என்று தொடங்கினாலோ, "ஆன்போர்டு", "சோல்டர்டு" என்னும் சொற்கள் காணப்பட்டாலோ அது பற்றவைக்கப்பட்டது எனக் கொள்ளலாம். எல்பிகேம்2 இதற்கு விதிவிலக்கு. பழைய கணினியை வாங்குவோர் விண்டோசின் பணி மேலாளரில் நினைவகப் பகுதியைப் பார்க்கலாம். வடிவம் என்னும் இடத்தில் சோ-டிம் என்பதற்குப் பதிலாகச் சில்லுகளின் வரிசை என்னும் பொருள்படும் சொற்றொடர் இருந்தால் கழற்ற ஒன்றும் இல்லை. ஒரே மாதிரிப் பெயரில் இரு வகைகளும் விற்கப்படுவதுண்டு என்பதால் மாதிரியின் முழு எண்ணைக் கொண்டே தேட வேண்டும்.

கம்பியில்லா இணைப்பு

ஆப்பிள் 1999 இல் வெளியிட்ட ஐபுக்கில் அலைவாங்கி உடலிலேயே அமைக்கப்பட்டு, ஏர்போர்ட் எனப்பட்ட அட்டை மட்டும் தனி விலைக்கு விற்கப்பட்டது. மற்றக் கணினிகளில் பக்கவாட்டில் செருகும் பி.சி. அட்டையே வழக்கமாக இருந்தது. இன்டெல் 2003 மார்ச்சில் தொடங்கிய சென்ட்ரினோ வணிகப் பெயர் இந்நிலையை மாற்றியது. பென்டியம் எம் நுண்செயலி, இன்டெல் சில்லுத்தொகுதி, இன்டெல் கம்பியில்லா அட்டை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டுமே அப்பெயரை ஒட்ட இயலும் என்பதால் உற்பத்தியாளர்கள் வை-ஃபையை உள்ளேயே வைக்கத் தொடங்கினர். (சென்ட்ரினோ என்பதை ஒரு நுண்செயலியின் பெயர் என்று எண்ணியே பலர் வாங்கினர்.)

தரங்களின் பெயர்கள் நெடுங்காலம் 802.11 என்னும் எண்ணையும் ஓர் எழுத்தையும் கொண்டிருந்தன. 1999 இன் 802.11பி நொடிக்கு 11 மெகாபிட்டும், 2003 இன் 802.11ஜி 54 மெகாபிட்டும் தந்தன. வை-ஃபை கூட்டமைப்பு 2018 இல் எளிய எண்களை அறிமுகப்படுத்தி 802.11என் தரத்துக்கு வை-ஃபை 4 என்றும், 802.11ஏசி தரத்துக்கு வை-ஃபை 5 என்றும், 802.11ஏஎக்ஸ் தரத்துக்கு வை-ஃபை 6 என்றும் பெயரிட்டது. வை-ஃபை 7 சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது.

இவ்வெண்ணைக் காட்டிலும் இரண்டு விவரங்கள் கூடுதலாகக் கவனிக்கத்தக்கவை. முதலாவது அலைக்கற்றை. விலை குறைந்த சில கணினிகளில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே இயங்கும் அட்டைகள் வைக்கப்பட்டன. அக்கற்றையில் ஒன்றோடொன்று மேற்படாத தடங்களாகப் பெரும்பாலான நாடுகளில் 1, 6, 11 ஆகியனவே பயன்படுகின்றன. புளூடூத், நுண்ணலை அடுப்பு ஆகியனவும் அங்கேயே இயங்குகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பிலும் மாணவர் விடுதியிலும் இது நெரிசலான சந்தையாகிவிடும். 5 ஜிகாஹெர்ட்ஸ் கற்றை இல்லாத கணினியைத் தவிர்ப்பதே நன்று. வை-ஃபை 6இ, 7 ஆகியன பயன்படுத்தும் 6 ஜிகாஹெர்ட்ஸ் கற்றை, அந்தந்த நாட்டு விதிகளுக்கு உட்பட்டது. அமெரிக்கா 2020 இல் 1200 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் திறந்துவிட, ஐரோப்பிய ஒன்றியம் 2021 இல் 480 மெகாஹெர்ட்ஸ் அளவையே திறந்தது.

இரண்டாவது அலைவாங்கிகளின் எண்ணிக்கை. 802.11ஏசி தரத்தில் 80 மெகாஹெர்ட்ஸ் தடத்தில் ஓர் அலைவாங்கி நொடிக்கு 433 மெகாபிட்டும் இரண்டு 867 மெகாபிட்டும் தருகின்றன. இரு கணினிகளிலும் "வை-ஃபை 5" என்றே எழுதப்பட்டிருக்கும். இவை இணைப்பு வேகங்களே. சுவர்களுக்கு அப்பால், பலர் பகிரும் இடத்தில் உண்மையில் கிடைப்பது இவற்றைவிட வெகுவாகக் குறையும். மேலும் வீட்டில் உள்ள திசைவி வை-ஃபை 5 ஆயின், வை-ஃபை 7 அட்டையும் அந்த அளவிலேயே பேசும்.

நினைவகத்தோடு ஒப்பிடும்போது இங்கு திருத்திக்கொள்ள இடமுண்டு. அட்டை எம்.2 செருகுமிடத்தில் இருந்தால் அதனை மாற்றலாம், பற்றவைக்கப்பட்டிருந்தால் யூ.எஸ்.பி. ஏற்பி ஒன்று ஓரளவு ஈடுசெய்யும். ஆயினும் இரண்டு தடைகள் உள்ளன. திங்க்பேட் கணினிகளின் பல தலைமுறைகளில் அனுமதிக்கப்பட்ட அட்டைகளின் பட்டியல் பயாசிலேயே இருந்தது. வேறு அட்டையைச் செருகினால் 1802 என்னும் பிழை எண்ணைக் காட்டிக் கணினி தொடங்க மறுக்கும். அடுத்ததாக, இன்டெல் அட்டைகளில் ஒரு வகை தன் பணியில் ஒரு பகுதியை நுண்செயலித் தொகுதியிடம் விட்டுவிடுகின்றது. ஏஎக்ஸ்211 என்னும் அட்டை அவ்வகையது, அதற்கேற்ற இன்டெல் கணினிகளில் மட்டுமே இயங்கும். தோற்றத்தில் ஏறக்குறைய அதனையே ஒத்த ஏஎக்ஸ்210 பிற கணினிகளிலும் இயங்கும்.

கைப்பேசி வலையமைப்புக்கான அட்டை வேண்டுவோர் வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். அலைவாங்கிகள் பெரும்பாலும் திரைச் சட்டத்தின் உள்ளே பதிக்கப்படுபவை. அவை இல்லாத கணினியில் செருகுமிடம் இருந்தும் பயன் குறைவு. பாதுகாப்பைப் பொறுத்தவரை 2018 இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 வசதி, 2020 ஜூலை முதல் புதிய வை-ஃபை சான்றளிப்புக்குக் கட்டாயமாக உள்ளது. அதற்கு முந்திய பழைய கணினிகளை வாங்குவோர் இதனை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

டாக்கிங் வசதி

டாக்கிங் நிலையம் என்பது பெரிய திரை, விசைப்பலகை, சுட்டி, வலையமைப்புக் கம்பி, மின்னூட்டி ஆகிய அனைத்தையும் ஒரே செயலில் மடிக்கணினியுடன் இணைக்கும் கருவியாகும். 1992 இல் ஆப்பிள் வெளியிட்ட பவர்புக் டுவோ இதன் பழைய வடிவத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. டுவோ டாக் எனப்பட்ட பெட்டியின் வாயில், காணொளி நாடாவைச் செருகுவதுபோல் மூடிய கணினியைத் தள்ளினால், உள்ளிருந்த மின்னோடி அதனை இழுத்து 152 ஊசிகள் கொண்ட இணைப்பானில் பொருத்தும். நெகிழ்தட்டு இயக்கியும் விரிவாக்க அட்டைகளும் அப்பெட்டியிலேயே இருந்தன.

பின்னர் டெல், எச்.பி., லெனோவோ ஆகியவற்றின் அலுவலகக் கணினிகள் அடிப்புறத்தில் இத்தகைய இணைப்பானைக் கொண்டிருந்தன. கணினியை வைத்து அழுத்தினால் இணைப்பு உறுதியாக அமையும். இயக்கிமென்பொருள் குழப்பங்கள் குறைவு. குறை என்னவெனில் அந்நிலையம் ஒரு நிறுவனத்தின் ஒரு வரிசைக்கே பொருந்தும். லெனோவோ 2018 இல் டி480 கணினியில் இணைப்பானை அடிப்புறத்திலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றியபோது, முந்திய டி470 வரை பயன்பட்ட நிலையங்கள் அதற்கு உதவவில்லை.

2014 இல் தரப்படுத்தப்பட்ட யூ.எஸ்.பி.-சி இணைப்பான் இச்சிக்கலைத் தீர்த்து, வேறொன்றைத் தோற்றுவித்தது. துளையின் வடிவம் ஒன்றாயினும் ஆற்றல் ஒன்றன்று. ஒரு துளை தரவை மட்டும் அனுப்பும். மற்றொன்று மின்னூட்டமும் ஏற்கும். வேறொன்று திரைப்படிமத்தையும் அனுப்பும். திரைப்படிமம் அனுப்ப டிஸ்பிளேபோர்ட் மாற்றுமுறை வசதி அத்துளைக்கு இருக்க வேண்டும். அது இல்லாத கணினிக்கு வெறும் ஏற்பியைக் கொண்டு அவ்வசதியைத் தர இயலாது.

அவ்வசதி உள்ள இடத்திலும் கணக்கு ஒன்று உண்டு. 4கே திரையில் ஏறத்தாழ 83 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 24 பிட்டு, நொடிக்கு 60 முறை எனில் ஏறத்தாழ 12 ஜிகாபிட்டு தேவை. யூ.எஸ்.பி.-சி கம்பியில் படிமத்துக்கு நான்கு இணைகள் பயன்படலாம். ஆனால் விரைவு யூ.எஸ்.பி. தரவும் அதே கம்பியில் செல்ல வேண்டுமெனில் இரண்டே மிஞ்சும். டிஸ்பிளேபோர்ட் 1.2 வேகத்தில் நான்கு இணைகள் 17.28 ஜிகாபிட்டையும் இரண்டு இணைகள் 8.64 ஜிகாபிட்டையும் சுமக்கும். இதனால்தான் மலிவான டாக்குகளில் 4கே திரை நொடிக்கு 30 முறை மட்டும் புதுப்பிக்கப்பட்டு, சுட்டி தத்தித் தத்திச் செல்கின்றது. திரையில் பழுது ஒன்றும் இல்லை. டிஸ்பிளேபோர்ட் 1.4 கொண்ட கணினியும் டாக்கும் சேர்ந்தால் இரண்டு இணைகளே 60 முறைக்குப் போதுமானவை.

தண்டர்போல்ட் 3 (2015) இதே இணைப்பானில் நொடிக்கு 40 ஜிகாபிட்டு தந்தது. 2020 இல் வந்த தண்டர்போல்ட் 4 வேகத்தை உயர்த்தாமல் குறைந்தபட்சத் தகுதியை உயர்த்தியது. இரண்டு 4கே திரைகளை இயக்கும் திறன் கட்டாயமாக்கப்பட்டது. இரு வெளித்திரைகளை நாடுவோர்க்கு இச்சின்னம் உள்ள கணினி தொல்லை குறைந்த தெரிவாகும். ஆயினும் டாக் எவ்வளவு உயர்ந்ததாயினும் கணினியின் வரைகலைத் திறனுக்கு மேல் திரைகளைக் கூட்ட இயலாது. எம்1 சில்லுடன் வந்த மேக்புக் ஏர் ஒரே வெளித்திரையை மட்டும் ஏற்றது, இரண்டு எச்.டி.எம்.ஐ. துளைகள் கொண்ட டாக்கை வாங்கியவர்கள் இரு திரைகளிலும் ஒரே படிமத்தையே கண்டனர். 2024 இன் எம்3 மேக்புக் ஏர், மூடி மூடப்பட்டிருந்தால் இரண்டு வெளித்திரைகளை ஏற்றது.

டிஸ்பிளேலிங்க் தொழில்நுட்பம் கொண்ட டாக்குகள் இத்தடையைச் சுற்றிச் செல்கின்றன. இவை படிமத்தை மென்பொருளால் சுருக்கிச் சாதாரண யூ.எஸ்.பி. தரவாக அனுப்புகின்றன. விரிதாளுக்கும் எழுத்து வேலைக்கும் இது பொருந்தும். நுண்செயலியின் உழைப்பில் ஒரு பகுதி இதற்குச் செல்வதால் விளையாட்டுக்கும் விரைவாக அசையும் காணொளிக்கும் பொருந்தாது. கம்பியே இல்லாத டாக்கிங்கும் முயலப்பட்டது. 60 ஜிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்திய வைகிக் கருவிகள் ஒரே அறைக்குள் மட்டும் இயங்கின. இன்டெல் தன் மடிக்கணினி வைகிக் அட்டைகளை 2017 இல் கைவிட்டது.

மின்னூட்டத்தின் அளவும் பார்க்கப்பட வேண்டும். யூ.எஸ்.பி. மின்வழங்கல் தரம் முதலில் 100 வாட்டு வரையும், 2021 இன் திருத்தத்துக்குப் பின் 240 வாட்டு வரையும் அனுமதிக்கின்றது. மெல்லிய கணினிக்கு 45 முதல் 65 வாட்டு போதும். தனி வரைகலை அட்டை உள்ள கணினியை 60 வாட்டு டாக்கில் இணைத்தால், கடும் பணியின்போது கணினி வேகம் குறையும் அல்லது இணைப்பில் இருந்துகொண்டே மின்கலம் கரையும். டாக்கின் பெட்டியில் எழுதப்பட்டுள்ள வாட்டு சில வேளைகளில் டாக் தானே உண்பதையும் சேர்த்த மொத்தமாக இருப்பதால், கணினிக்குச் சென்றுசேரும் அளவைத் தனியே பார்க்க வேண்டும்.

டாக் இயங்கவில்லை என்று திருப்பித் தருவதற்கு முன் கம்பியை மாற்றிப் பார்ப்பது நல்லது. கைப்பேசிகளுடன் வரும் யூ.எஸ்.பி.-சி கம்பிகள் பல யூ.எஸ்.பி. 2.0 வகையின, நொடிக்கு 480 மெகாபிட்டுக்கு மேல் அவற்றில் செல்லாது, படிமத்தைக் கொண்டுசெல்லும் இழைகளும் அவற்றினுள் இல்லை.